தவணையும் அறமும்: நீதிமன்றச் சீர்திருத்தத்திற் சட்டத்தரணிகளின் கூட்டுப் பொறுப்பு

சுன்னாகச் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றால் மல்லாகத்தை அடையலாம். சுன்னாகத்தாரின் வழக்குகள் பெரும்பாலும் அங்குள்ள நீதிமன்றங்களிலேயே விசாரணைக்கு எடுக்கப்படுகின்றன. வழக்கு நாட்களிற் காலைப் பேருந்தில், உறுதிகளையும் நில வரைபடங்களையும் பையொன்றிற் சுற்றி மடியில் வைத்தபடி செல்லும் முதியோரைக் காண்பது இப்பகுதியிற் புதுமையன்று. நண்பகலில் அவர்கள் அதே பையுடன் திரும்புவர். என்ன நடந்தது என்று அயலார் வினவினால் பெரும்பாலும் ஒரு சொல்லே விடையாக வரும்: தவணை.

இச்சொல் நம் வழக்கிற் பல பொருள் தருவது. கடனைப் பகுதி பகுதியாகச் செலுத்துவதும் தவணை. பள்ளிக்கூடத்தின் பருவமும் தவணை. வழக்கு இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்படுவதும் தவணை. முதலிரண்டிலும் தவணை ஒன்று கழியுந்தோறும் ஏதோவொன்று நிறைவை நோக்கி நகர்கின்றது. மூன்றாவதில் மட்டும் தவணை கழிந்தும் வழக்கு நின்ற இடத்திலேயே நிற்றல் கூடும். இத்தேக்கத்துக்கு யார் பொறுப்பு? அதனை நீக்கும் கடமை யாருக்கு உரியது? அத்தேக்கத்தினிடையே தொழில் செய்து வாழும் சட்டத்தரணிகளே ஒரு குழுவாகக் கூடி அதனைத் திருத்த முற்படுதல் பொருந்துமா? இவ்வினாக்களை அறவியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குற்றவாளியில்லாத குற்றம்

காலதாமதம் என்றவுடன் யாரோ ஒருவருடைய சோம்பலையோ சூழ்ச்சியையோ தேடுவது மக்கள் மனத்தின் இயல்பு. அத்தகைய சோம்பலும் சூழ்ச்சியும் இல்லாமலில்லை. எனினும் தாமதத்தின் பெரும்பகுதி அவற்றால் விளைவதன்று. காணி வழக்கொன்றை உதாரணமாக எடுத்து நோக்குவோம்.

யாழ்ப்பாணத்தில் முதிசமாகவும் சீதனமாகவும் தேடியதேட்டமாகவும் கைமாறிவரும் காணி தலைமுறைதோறும் பங்குகளாகச் சிதறுகின்றது. நான்கு பரப்புக் காணியொன்று பிரிவுபடாத பங்குகளாகப் பலருக்கு உரியதாயிருத்தலும், ஒரு கிணற்றிற் பல குடும்பங்கள் பங்கு பெற்றிருத்தலும் இங்கு வியப்பன்று. அக்காணியைப் பிரித்துத் தருமாறு ஒருவர் வழக்கிடுகின்றார் எனக் கொள்வோம். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி அவர் உரிமை வந்த வழியை வமிசாவளியாகக் காட்டல் வேண்டும். பங்காளருக்கெல்லாம் அறிவித்தல் சேர்ப்பிக்கப்படல் வேண்டும். நில அளவையாளர் நீதிமன்றத்தின் ஆணை பெற்றுக் காணியை அளந்து அறிக்கை தரல் வேண்டும். கட்சிக்காரர் தம்முள் உடன்பட்டாராயினும் நீதிபதி உரிமையைத் தாமே ஆராய்ந்து துணிதல் வேண்டும். இறுதித் தீர்ப்பு வழக்குக்கு வாராதவரையும் கட்டுப்படுத்தும் ஆதலின் இத்துணை விழிப்பு வேண்டப்படுகின்றது. இடையிற் பங்காளர் ஒருவர் இறப்பின் அவருடைய உரித்தாளர் வழக்கிற் சேர்க்கப்படல் வேண்டும். ஒருவர் கனடாவிலும் மற்றொருவர் பிரான்சிலும் வாழ்வாராயின் அவர்களுக்கும் செய்தி செல்லல் வேண்டும்.

இப்படிகளுள் எதனை அநீதியானது எனச் சுட்டுவது? ஒன்றையும் சுட்ட இயலாது. இனித் தவணைகளை நோக்குவோம். ஒரு நாளில் அளவையாளரின் அறிக்கை வந்து சேரவில்லை; மறு நாளிற் சாட்சிக்குக் காய்ச்சல்; பிறிதொரு நாளிற் சட்டத்தரணிக்கு வேறு நீதிமன்றில் விளக்கம்; இன்னொரு நாளில் நீதிபதிக்கு இடமாற்றம். தனித்தனியே நோக்கின் யாவும் பொறுத்தற்குரியன. தொகுத்து நோக்கினோ, வழக்கைத் தொடங்கியவர் முடிவைக் காணாமலே கண்மூடுகின்றார். நியாயமான செயல்கள் பல கூடி அநியாயமான விளைவொன்றைத் தோற்றுவித்தலே இப்பிரச்சினையின் அறவியற் கருவாகும்.

குற்றம் ஒன்றைத் துணியும்போது நாம் இரு வினாக்களை எழுப்புவது வழக்கம். செய்தவர் யார்? அவர் எக்கருத்துடன் செய்தார்? இங்கு இவ்விரு வினாக்களுக்கும் விடை கிடைப்பதில்லை. தீங்கு கண்கூடாக உளது. தீங்கு செய்தவரைக் காணோம். இதனைக் காரணமாகக் காட்டி, எவருக்கும் பொறுப்பில்லை என முடித்துவிடலாமா? அவ்வாறு முடித்தல், பலர் சேர்ந்து செய்யும் தீமைக்கு உலகில் எவரும் விடைசொல்ல வேண்டுவதில்லை என்னும் அபாயகரமான கொள்கைக்கே நம்மை இட்டுச் செல்லும்.

இரு கடமைகளும் ஒரு மனிதரும்

முன்னாளில் அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் பிரிந்து நின்ற இரு வகையினரும், 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தினால் 1974 தொடக்கம் சட்டத்தரணி என்னும் ஒரே பெயருக்குள் அடங்கினர். இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கமும் 1974இலேயே தோன்றிற்று. பெயர் ஒன்றாயினும் சட்டத்தரணியின் கடமை இரண்டு. தம்மை நம்பி வந்த கட்சிக்காரரின் நலனைக் காத்தல் ஒன்று. நீதிமன்றத்தின் அலுவலர் என்ற வகையில் நீதி செவ்வனே நடைபெற உதவுதல் மற்றொன்று. பெரும்பாலான நாட்களில் இவ்விரண்டும் முரண்படுவதில்லை. தவணை கோரும் இடத்திலேதான் முரண்படுகின்றன.

காணியில் ஏற்கெனவே குடியிருப்பவருக்காகத் தோன்றும் சட்டத்தரணியை எண்ணுக. வழக்கு நீளுமளவும் அவருடைய கட்சிக்காரர் காணியை அனுபவிக்கின்றார். சட்டம் இடந்தரும் தவணையை அவர் கேளாது விடின், தம் கட்சிக்காரருக்குத் துரோகம் செய்தவராவாரா? கேட்பின், நீதிக்குத் துரோகம் செய்தவராவாரா? அவர் மனச்சாட்சி மிக்கவராக இருந்து, இனித் தேவையற்ற தவணை கோருவதில்லை என உறுதி பூண்டார் எனினும் பயன் யாது? மறுநாளே அக்கட்சிக்காரர் அத்தகைய உறுதியில்லாத வேறொருவரை நாடுவார். நல்லவரின் நன்மை அவருடைய வருவாயைக் குறைக்கும்; நீதிமன்றின் தாமதத்தைக் குறைக்காது.

ஆகவே, தனிமனித ஒழுக்கம் எத்துணை உயர்ந்ததாயினும் இவ்விடத்திற் போதியதன்று என்பது பெறப்படுகின்றது. எல்லோரும் ஒருங்கே விட்டுக்கொடுத்தாலன்றி எவரும் விட்டுக்கொடுக்க இயலாத நிலை இது. சட்டத்தரணிகளின் குழு என்பது இந்நிலையிலிருந்தே தன் அறவியல் நியாயத்தைப் பெறுகின்றது. தனித்து நின்று ஏற்க முடியாத பொறுப்பை ஒன்றுகூடி ஏற்பதற்குரிய கருவியே அது. கூட்டம் கூடித் தீர்மானம் நிறைவேற்றும் சம்பிரதாயமாக மட்டும் அதனைக் கருதுதல் அதன் தன்மையை அறியாமையாகும்.

தம்மைத் தாமே திருத்தல் இயலுமா?

இங்கு வலிமையான தடையொன்று எழும். தாமதத்தினால் வாழ்பவர் தாமதத்தை ஒழிப்பாரா? ஆங்கிலச் சிந்தனையாளர் ஜெரமி பென்தம் நீதிபதிகளையும் வழக்கறிஞர்களையும் ஒரே வாணிகக் கழகத்தின் பங்காளிகளாகவே கண்டு எள்ளினார். சிக்கல் மிகுந்தால் அவர்களுடைய இலாபமும் மிகும் என்பது அவர் கருத்து. இத்தடையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும் வரலாறு இதற்கு இரு வகையிலும் சான்று பகர்கின்றது.

1870ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் வழக்கறிஞர் இருநூற்றுக்கு மேற்பட்டோர் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சங்கத்தை நிறுவினர். நகராட்சியைக் கைப்பற்றியிருந்த ஊழற் கும்பலுக்கு நீதிபதிகள் சிலர் உடந்தையாயிருந்தமையே அவர்களை ஒன்றுகூட்டிற்று. நாள்தோறும் எந்த நீதிபதிகளின் முன்னிலையிற் கைகட்டி நின்றனரோ, அவர்கள் மீதே அச்சங்கத்தார் சட்டமன்றத்திற் குற்றஞ்சாட்டினர். 1872இல் பார்னார்ட், மக்கன் என்னும் நீதிபதிகள் பதவி நீக்கப்பட்டனர். அல்பேர்ட் கார்டோசோ என்பவர் குற்ற விசாரணைக்கு முன்னரே பதவி துறந்தார். அவருடைய மகன் பெஞ்சமின் கார்டோசோ அறுபது ஆண்டுகளின் பின் 1932இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் நீதிபதியாகி, அந்நாட்டின் தலைசிறந்த நீதிபதிகளுள் ஒருவரெனப் போற்றப்பட்டார். ஒரு தலைமுறையின் கறையை மறு தலைமுறை துடைத்தற்கு, இடையில் யாரோ சிலர் தம் தொழிலைப் பணயம் வைத்தல் வேண்டியிருந்தது.

மறுபுறச் சான்றும் அந்நாட்டிலேயே உண்டு. 1906இல் றொஸ்கோ பவுண்ட் என்னும் இளம் சட்ட அறிஞர், நீதி நிருவாகத்தின்மீது மக்கள் கொண்ட அதிருப்திக்குரிய காரணங்களைப் பற்றி அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் கூட்டத்திற் பேருரை நிகழ்த்தினார். மூத்த வழக்கறிஞர் பலர் அவ்வுரையைச் சினத்துடன் எதிர்த்தனர். ஆயின் நீதிமன்றச் சீர்திருத்த இயக்கம் பின்னர் அவ்வுரையிலிருந்தே தன் தோற்றத்தைக் கணக்கிட்டது. வழக்கறிஞர் குழாம் தன்னைத் திருத்த வல்லது. ஆனால் முதலில் அது தன்னைத் திருத்த வந்தவரையே வெறுக்கும். இவ்விரு உண்மைகளையும் சேர்த்தே நினைவிற் கொள்ளல் தகும்.

நம் நாட்டின் பாடங்கள்

இலங்கையின் அண்மைக் கால வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். முற்கூறிய நீதி நிருவாகச் சட்டம் நீதிமன்ற அமைப்பை அடியோடு மாற்ற முனைந்தது. 1975இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தம், 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையை அகற்றிப் புதிய நடைமுறையைக் கொண்டுவந்தது. விரைவே அதன் நோக்கம். ஆயினும் இரு ஆண்டுகள் கழியுமுன் 1977இல் பழைய கோவை மீண்டும் உயிர்பெற்றது. ஆட்சி மாற்றம் இதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. எனினும் நடைமுறையை நாள்தோறும் கையாள்வோரின் பழக்கத்திற் பதியாத சட்டத்தை நீக்குதல் எளிதாகும் என்பதும் இதனாற் புலனாகின்றது.

இதற்கு எதிரான மற்றொரு பாடமும் உளது. 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊர்கள்தோறும் இணக்க சபைகள் அமைக்கப்பட்டன. சிறு பிணக்குகள் நீதிமன்றம் செல்லுமுன் அங்கு சமரசத்துக்கு உட்படல் வேண்டும். சட்டத்தரணிகள் அங்கு தோன்ற இயலாது. சபை உறுப்பினர் நியமனத்தில் அரசியல் கலந்தது என்ற கண்டனம் வளர்ந்து, 1978இல் அவை மறைந்தன. பத்தாண்டுகளின் பின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை நிறுவிற்று. உறுப்பினர் நியமனம் தனி ஆணைக்குழுவொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது; சட்டத்தரணிகளை விலக்கும் விதியோ மாற்றமின்றித் தொடர்ந்தது. அயலவர் இருவரின் வேலிச் சண்டைக்கு வாதத்திறன் மருந்தாகாது என்று நாடு இருமுறை முடிவு செய்தது. இதனைத் தொழிலுக்கு விழுந்த அடியாகக் கருதும் சட்டத்தரணியும் உண்டு. தாம் இல்லாமலே தீரத்தக்க பிணக்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் பணிவையே சீர்திருத்தக் குழுவொன்று முதலிற் கற்றல் வேண்டும் என்பது எமது கருத்து.

மூன்றாவது பாடம் நம்பிக்கையூட்டுவது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எழுந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் உறுப்பினருட் பெரும்பான்மையோர் சட்டத்தரணிகள் சங்கத்தினாற் பெயர் குறிக்கப்படுவோர். கட்டணம் செலுத்த வழியில்லாதவருக்கும் சட்டத்தரணி கிடைத்தல் வேண்டும் என்னும் கொள்கை, இங்கு அத்தொழிலினரின் கையிலேயே ஒப்படைக்கப்பட்டுள்ளது. சலுகை பெற்ற தொழில், அச்சலுகைக்குக் கைம்மாறாகத் தன் உழைப்பின் ஒரு பகுதியை ஏழைக்குக் கடனாகச் செலுத்துகின்றது என இதனை நோக்கலாம். ஈகை வேறு, கடன் வேறு. ஈகையை நிறுத்தினால் எவரும் கேள்வி கேட்பதில்லை, கடனை நிறுத்தினாற் கேட்பர்.

விரைவு மட்டும் நீதியாகாது

இதுவரை கூறியவற்றால், வழக்கை விரைந்து முடிப்பதொன்றே சீர்திருத்தம் என்னும் எண்ணம் எழக்கூடும். அது தவறாகும். நம் இலக்கியத்தின் மாபெரும் அநீதி காலதாமதத்தினால் விளைந்ததன்று, அவசரத்தினால் விளைந்தது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட கணத்திலே தீர்ப்பளித்துவிட்டான். பின்னர் கண்ணகி அவைமுன் சிலம்பை உடைத்துக் காட்டியபோது வெளிப்பட்ட உண்மை, முன்னரே விசாரித்திருப்பின் வெளிப்பட்டிருக்கும். ஒரு தவணை கொடுக்கப்பட்டிருந்தாற் கோவலன் பிழைத்திருப்பான் எனலும் மிகையாகாது.

காலத்தை நீட்டிக் கொடுப்பதே நீதியாகும் சந்தர்ப்பத்தை நம் மண்ணும் கண்டுள்ளது. 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் காணியைப் பத்தாண்டு காலம் எதிரிடையாக ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். உரியவர் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பதே இவ்விதியின் உட்பொருள். ஆயின் 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து சென்றபோது, உரியவர் உறங்கினார் என எவ்வாறு கூறுவது? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இவ்வினாவுக்கு விடையளிக்க முயன்றது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தில், ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் உரிமையை நிலைநாட்ட நீதிமன்றை நாட இயலாதிருந்தோருக்கு எதிராக அப்பத்தாண்டுக் கணக்கு ஓடாது என அது ஏற்பாடு செய்தது. கடிகாரம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடலாம்; நீதியின் காலம் அவ்வாறு ஓடலாகாது.

எனவே, சீர்திருத்தக் குழுவின் பணி தவணையை ஒழிப்பதன்று. உண்மையை அறிவதற்கு வேண்டிய தவணையையும், உண்மையைக் களைப்படையச் செய்வதற்கு வேண்டப்படும் தவணையையும் வேறுபடுத்தி அறிவதே. 2017இல் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைக்குச் செய்யப்பட்ட திருத்தம், விளக்கத்துக்கு முன்னரே இரு தரப்பினரையும் இருத்தி, ஏற்றுக்கொள்ளப்பட்டவை எவை, வழக்கில் உள்ளவை எவை எனத் தெளிவதற்கு ஓர் அமர்வை ஏற்படுத்திற்று. சட்டம் வழியைத் திறந்துள்ளது. அவ்வமர்வும் இன்னொரு தவணையாக மாறுமா அன்றோ என்பது அதிற் பங்குகொள்ளும் சட்டத்தரணிகளின் கையில் உள்ளது.

வழக்குக்கு வாராதவர்

நீதிமன்றத்தின் குறைகளை ஆராயும்போது, அங்கு வந்து காத்திருப்போரை மட்டும் நாம் எண்ணுகின்றோம். வரவே இயலாதவரை யார் எண்ணுவர்? சுன்னாகத்து நிலத்தடி நீர் வழக்கு இவ்வினாவை நம் வாசலிலேயே எழுப்பிற்று. மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்தது என்னும் முறைப்பாடு எழுந்தபோது, பாதிக்கப்பட்டோர் ஒருவரிருவரல்லர். சுண்ணக்கல் நிலத்திற் கிணறுகள் தனித்தனியே தோன்றினும், அடியில் ஓடும் நீர் யாவர்க்கும் பொது. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே வழக்கிடுதலோ இயலாத காரியம். 2015இல் உயர் நீதிமன்றத்திற் பொதுநல நோக்குடன் அடிப்படை உரிமை மனுவொன்று தாக்கல் செய்யப்பட்டது. மனுதாரர் சுன்னாகத்தில் வாழ்பவரல்லர். சூழல் நலனில் ஈடுபாடு கொண்ட தென்னிலங்கையர். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறி வலியுறுத்தப்பட்டு, மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணிக்கப்பட்டது.

இவ்வழக்கின் பயனை ஆராயும்போது, நான்கு ஆண்டுகள் கழிந்தன என்பதையும், அந்நான்கு ஆண்டுகளும் மக்கள் நீர் அருந்த வேண்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத உண்மையொன்று இதில் உளது. தனக்கு நேரான நட்டமில்லாத ஒருவர் பிறருக்காக நீதிமன்றின் கதவைத் தட்டலாம் என்பதே அது. தனிமனிதர் ஒருவருக்கு இயன்ற இதனை, சட்டமறிந்தோரின் குழுவொன்று தன் நிரந்தரக் கடமையாக ஏற்றல் இன்னும் பொருத்தமாகும் அன்றோ?

குழு செய்யற்பாலன

மல்லாகத்தைப் போன்ற ஒரு நீதிமன்றத்தைச் சார்ந்த சட்டத்தரணிகள் இத்தகைய குழுவொன்றை அமைப்பின் அது செய்யத்தக்கவை யாவை? பெருஞ் செலவின்றி இயலக்கூடிய சிலவற்றைக் கூறுவாம். வழங்கப்படும் ஒவ்வொரு தவணையையும் அதன் காரணத்துடனும் கோரிய தரப்புடனும் பதிவேடொன்றிற் குறித்து, ஆண்டு முடிவில் தொகையை வெளியிடலாம். தூரத்திலிருந்து வரும் சாட்சிகளையும் முதியோரையும் நாளின் தொடக்கத்திலேயே அழைக்குமாறு நீதிபதியை வேண்டலாம். வழக்காளர் தம் வழக்கு எந்நிலையில் உள்ளது என்பதை எளிய தமிழில் எழுதிய சீட்டொன்றின் மூலம் அறியச் செய்யலாம். நீதிமன்றின் மொழி தமிழாக இருந்தும், அங்கு பேசப்பட்டது யாது எனத் தம் சட்டத்தரணியிடமே வினவும் வழக்காளர் இன்றும் உளர் என்பது மொழியுரிமைக்காகப் போராடிய சமூகத்துக்குப் பெருமை தருவதன்று.

இவை யாவற்றினும் கடினமானது ஒன்றுண்டு. தவணைக்குத் தவணை கட்டணம் பெறும் வழக்கத்தை விட்டு, வழக்கு முழுமைக்கும் ஒரு கட்டணம் பேசும் வழக்கத்துக்குத் தொழிலினர் ஒருங்கே மாறுதல் வேண்டும். இளம் சட்டத்தரணிகளின் வாழ்வு அச்சிறு கட்டணங்களிலேயே தங்கியுள்ளது என்பதை நாம் அறிவோம்; அவர்களுடைய சுமையை மூத்தோர் பகிராமல் இம்மாற்றத்தைக் கோருதல் நியாயமாகாது. எனினும் இதனைத் தொடாத சீர்திருத்தம் வேரை விட்டுக் கிளையை வெட்டுவதாகும். குழுவொன்று பிறருக்கு விதித்த கடமைகளைக் கொண்டன்று, தான் எதனை இழக்க உடன்பட்டது என்பதைக் கொண்டே அதன் நேர்மை அளக்கப்படும்.

குழுக்களைப் பற்றி நம் முன்னோர் அறியாதவரல்லர். காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919ஆம், 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரியும் முறையை விரிக்கின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தெரியப்படலாகாது என்பது அங்குள்ள விதிகளுள் ஒன்று. அச்சபையில் எல்லோருக்கும் இடமிருக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் அதிகாரத்துக்கு அடுத்த சொல் கணக்கு என்பதை அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் எழுதி வைத்தனர். நீதிமன்றச் சீர்திருத்தக் குழுவும் ஆண்டுதோறும் கணக்குக் காட்டல் வேண்டும். அக்கணக்கைச் சட்டத்தரணிகளுக்கு மட்டுமன்றி வழக்காளருக்கும் காட்டல் வேண்டும்.

முடிவாக, தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு மீள்வோம். தேக்கத்துக்கு யார் பொறுப்பு? தனித்தனியே எவருமில்லை என்பது உண்மையாயின், எல்லோரும் சேர்ந்து பொறுப்பு என்பதே அதிலிருந்து பெறப்படும் முடிவு. அம்முடிவைச் சொல்லளவில் நிறுத்தாது செயலாக்கும் வழியே சட்டத்தரணிகளின் குழு. இதனைப் படிக்கும் மாணவருட் சிலர் நாளை கறுப்பு மேலங்கி அணிந்து மன்றேறுவர். அன்று தவணை கேட்க எழும்போது, பின்வரிசையில் மடியிற் பையுடன் அமர்ந்திருக்கும் முதியவரை ஒருமுறை திரும்பி நோக்குவார்களாயின், கேட்கும் தவணை யாருக்காக என்னும் வினா அவர்கள் உள்ளத்தில் எழும். அவ்வினாவைத் தனியொருவரின் உள்ளத்துடன் விட்டுவிடாது பலருடைய பொதுக் கடமையாக மாற்றுவதே சீர்திருத்தத்தின் தொடக்கமாகும்.